வைட்டமின் டி குறைவும் பகலில் வரும் தூக்கமும்

"டாக்டர், வைட்டமின் டி 12தான் இருக்கிறது, அதனால்தான் பகலெல்லாம் தூங்கி வழிகிறேன்" என்று சொல்லிக்கொண்டே ரத்தப் பரிசோதனை முடிவை நீட்டுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. எனவே 12 என்பது கவனிக்க வேண்டிய அளவுதான். ஆனால் தூக்கத்துக்கு அதுவே காரணம் என்று முடிவுகட்டும் முன் அவர்களிடம் ஒன்று கேட்பேன்: உங்களுக்கு வருவது தூக்கமா, அசதியா?

இரண்டும் வேறு. அசதி உள்ளவருக்கு மாடிப்படி ஏறக் கால் வராது, தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழ முடியும். ஆனால் பகலில் படுத்தால் கண் மூடாது. வைட்டமின் டி கடுமையாகக் குறையும்போது இடுப்பு, தொடைத் தசைகள் வலுவிழப்பதும் எலும்பு வலிப்பதும் நாங்கள் நன்கறிந்தவை. தூக்கம் உள்ளவரோ உட்கார்ந்த இடத்திலேயே கண் அயர்ந்துவிடுவார். இதை அளக்க 1991இல் ஆஸ்திரேலிய மருத்துவர் முர்ரே ஜான்ஸ் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோலில் 8 கேள்விகள் உண்டு. மொத்தம் 24 மதிப்பெண்ணில் 10க்கு மேல் போனால் காரணத்தைத் தேடியாக வேண்டும்.

வைட்டமின் டி மாத்திரையை மாதக்கணக்கில் தவறாமல் சாப்பிட்ட நடுவயது ஓட்டுநர் ஒருவர் வந்தார். அளவு 34க்கு உயர்ந்திருந்தது. நான் முடிவைப் படித்து நிமிர்வதற்குள் அவர் தலை மார்பில் சாய்ந்து, மடியிலிருந்த கோப்பு நழுவிக் கீழே விழுந்தது. "ராத்திரி குறட்டை விடுவார், திடீரென்று சத்தமே நின்றுபோகும், எனக்குப் பயமாக இருக்கும்" என்றார் அவருடைய மனைவி. அந்த ஒரு வாக்கியம் எந்த ரத்தப் பரிசோதனையையும்விட எனக்கு உதவியது. தூக்கப் பரிசோதனையில், உறக்கத்தின்போது மூச்சு அடைபட்டு நிற்கும் கோளாறு உறுதியானது. முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே அவருடைய பகல் தூக்கம் விலகியது.

அப்படியானால் வைட்டமின் டிக்கும் தூக்கத்துக்கும் தொடர்பே இல்லையா என்றால், அதுவும் சரியல்ல. மூளையில் தூக்கத்தோடு தொடர்புடைய ஹைப்போதலாமஸ் உள்ளிட்ட பகுதிகளில் இந்த வைட்டமினுக்கான ஏற்பிகள், அதாவது அதைப் பற்றிக்கொண்டு செயல்படும் புரதங்கள், இருக்கின்றன. அளவு குறைந்தவர்களிடம் தூக்கக் குறைபாடுகள் கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் உடல் பருமன் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பதும் வழக்கம், உறக்கத்தில் மூச்சு அடைபடுவதும் அவர்களுக்கே அதிகம். இரவுப் பணி செய்து பகலில் உறங்குபவருக்கு வெயிலும் கிடைப்பதில்லை, தூக்கமும் சரியாக அமைவதில்லை. இரண்டு குறைகள் ஒரே உடலில் சேர்ந்திருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்றாகிவிடாது. ரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, ஒவ்வாமைக்கு எடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும்.

குறைபாடு இருந்தால் மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலம் வரை மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் தெளியவில்லையே என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். இது கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்கும் வைட்டமின். மிதமிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, தாகம், மலச்சிக்கல், குழப்பம் ஆகியவற்றோடு, எதைப் போக்க மருந்து எடுத்தீர்களோ அந்தத் தூக்கக் கலக்கத்தையே உண்டாக்கக்கூடும். வண்டி ஓட்டும்போது ஒருமுறையேனும் கண் அசந்திருந்தால், வைட்டமின் அளவு என்னவாக இருந்தாலும், காரணம் தெரிந்து சிகிச்சை பலன் தரும்வரை வண்டியைத் தொடாதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, இரவில் உங்கள் அருகில் உறங்குபவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.