மனநிலை மாத்திரையும் கல்லீரல் மாத்திரையும்

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைட்டிஸ் சி இருப்பது தெரிந்தால் உடனே மருந்தைத் தொடங்குவதா, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதா? பைபோலார் எனப்படும் இருமுனை மனநிலைக் கோளாறு உள்ள ஒருவர் பதினைந்து வருடங்களுக்கு முன்பு இப்படிக் கேட்டிருந்தால், பல டாக்டர்கள் பொறுங்கள் என்றே சொல்லியிருப்பார்கள். அதை அலட்சியம் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு இருந்த மருந்தே மனநிலையைக் கவிழ்க்கக்கூடியது.

அந்த மருந்தின் பெயர் இன்டர்ஃபெரான். வைரஸ் நுழைந்ததும் நம் உடலே சுரக்கும் எச்சரிக்கைப் புரதம் அது. அதையே ஊசியாக ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் வரை போட்டார்கள். ஃப்ளூ காய்ச்சலில் உடம்பெல்லாம் வலித்து, யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு படுக்கிறோம் அல்லவா? இன்டர்ஃபெரான் போன்ற புரதங்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அந்த நிலையை மாதக்கணக்கில் இழுத்தால் எப்படி இருக்கும்!

மனநிலையைச் சீராக வைக்க உதவும் செரட்டோனினை மூளை தயாரிக்க டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் வேண்டும். இன்டர்ஃபெரான் ஐ.டி.ஓ. என்ற நொதியைத் தூண்டிவிடுகிறது. வாய்க்காலை மடைமாற்றி வேறு வயலுக்குத் திருப்புவதுபோல, அந்த நொதி டிரிப்டோஃபானைக் கைனுரெனின் ஆக்கிவிடுகிறது. கைனுரெனினிலிருந்து உருவாகும் குயினோலினிக் அமிலமோ நரம்பு செல்களை அளவுக்கு மீறிச் சீண்டும். மனநோயே இல்லாதவர்களிலும் ஏறக்குறைய நாலில் ஒருவர் மனச்சோர்வில் விழுந்தார்கள். சிலருக்கு மேனியா என்ற கட்டுக்கடங்காத உற்சாக நிலை வந்தது, சிலருக்குத் தற்கொலை எண்ணம் வந்தது.

ஆனால் பொறுப்பதிலும் நஷ்டம் இருந்தது. 2001இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், தொற்றிய புதிதிலேயே 44 பேருக்கு 24 வாரம் இன்டர்ஃபெரான் கொடுத்தார்கள். 43 பேரிடம் வைரஸ் மறைந்தது. நோய் நாள்பட்ட பிறகு, ரிபாவிரின் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தும்கூட, முதல் மரபு வகை (ஜீனோடைப் 1) வைரஸ் பாதிப் பேரிடம்தான் ஒழிந்தது. இன்னொரு பக்கம், 15 முதல் 45 சதவீதம் பேருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் வைரஸ் போய்விடும். ஆக, சீக்கிரம் தொடங்கினால் மனநிலைக்கு ஆபத்து, காத்திருந்தால் கல்லீரலுக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவே ஒருவித சூதாட்டம்.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்ததும் கணக்கு மாறியது. வைரஸ் தன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும்போது இது போலிக் கண்ணியாகச் சங்கிலியில் நுழைந்துகொள்ளும், பிரதி அங்கேயே நின்றுவிடும். கூடவே டாக்லாடஸ்விர் அல்லது வெல்படஸ்விர் என்ற இன்னொரு வைரஸ் எதிர்ப்பு மருந்து. பெரும்பாலோருக்கு 12 வாரம், தினமும் மாத்திரை, அவ்வளவுதான். 95 சதவீதத்துக்கு மேல் குணம். நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கிளறாமல் நேராக வைரஸையே தாக்குவதால் பழைய மனச்சோர்வுப் பிரச்சினை இதில் இல்லை. தொற்று புதிதென்றாலும் தானாகப் போகுமா என்று காத்திராமல் தொடங்கலாம் என்பதே இப்போதைய அமெரிக்க வழிகாட்டுதல். நம் ஊரிலும் 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இம்மாத்திரைகள் இலவசம்.

சரி, அப்படியென்றால் நாளைக் காலையே தொடங்கிவிடலாமா? முதலில் உங்கள் மாத்திரைப் பட்டியலைக் காட்டுங்கள். வில்லன் கார்பமசிபைன். மனநிலையைச் சீராக்கக் கொடுக்கப்படும் இம்மருந்து, குடல் சுவரில் மருந்துகளை வெளியே தள்ளும் பம்புகளையும், கல்லீரலில் அவற்றைச் சிதைக்கும் நொதிகளையும் அதிகப்படுத்துகிறது. வைரஸ் மாத்திரை ரத்தத்தில் போதிய அளவு சேராது. அரைகுறை மருந்தில் பிழைக்கும் வைரஸ் எதிர்ப்புத்திறனும் பெறலாம். வலிப்பு மருந்துகளான ஆக்ஸ்கார்பசெபைன், ஃபெனிடாயினுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. மனநிலை மருந்துகளான லித்தியம், லாமோட்ரிஜின் இரண்டுக்கும் வைரஸ் மாத்திரைகளோடு பெரிய மோதல் இல்லை. வால்ப்ரோயேட்டும் மோதாது, ஆனால் அதுவே கல்லீரலைத் தாக்கக்கூடியது என்பதால், ஏற்கெனவே கல்லீரல் சுருங்கியவர்களுக்கு (சிரோசிஸ்) டாக்டர் இன்னொருமுறை யோசிப்பார்.

கார்பமசிபைனைத் தானாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. மனநல மருத்துவர் படிப்படியாக வேறு மருந்துக்கு மாற்றவேண்டும். நிறுத்திய பிறகும் நொதிகள் அடங்க இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். கல்லீரல் சுருங்குவது பெரும்பாலும் இருபது வருடக் கணக்கு. அதனால் இந்தச் சில வாரங்களால் பொதுவாக ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மேனியா உச்சத்தில் இருப்பவர் 12 வாரம் தவறாமல் மாத்திரை போடுவது கஷ்டம் என்பதால், மனம் ஓரளவு அடங்கும்வரை பொறுப்பதும் நியாயம்தான். இடைப்பட்ட நாளில் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையை முடித்துவிடலாம். சி வைரஸ் ஒழியும்போது, பதுங்கியிருந்த பி வைரஸ் தலைதூக்குவதுண்டு.

கடைசி மாத்திரை போட்டு 12 வாரம் கழித்து வைரஸ் ஆர்.என்.ஏ. பரிசோதனை. அதில் வைரஸ் இல்லையென்றால் குணம். வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கிய புரதத்தைத் தேடும் ஆன்டிபாடி பரிசோதனை மட்டும் அதன்பிறகும் பல வருடங்களுக்கு பாசிட்டிவ் என்றே காட்டும், அதனால் அந்த ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.