மூன்றரை வயதுக் கைக்கு டூ லைன் நோட்டு எதற்கு?

ஆடிப் பண்டிகைக்கு விட்ட உள்ளூர் விடுமுறை முடிந்த கையோடு எல்.கே.ஜி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் வரத் தொடங்குவார்கள். சேலத்தில் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி, அதாவது எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடலையும் பழக்கும் சிகிச்சை செய்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் இதே பருவம், இதே பேச்சு. "வாயில கேட்டா ஏ டு இசட் டக்குடக்குனு சொல்றானுங்க மேடம். பென்சிலக் குடுத்தா கைய இழுத்துக்கறான்." டைரியை விரித்துக் காட்டுவார்கள். வகுப்பில் எழுதுவதில்லை என்று சிவப்பு மையில் இருக்கும்.

நான் முதலில் கேட்பது பிறந்த தேதியை. இங்கே எல்.கே.ஜி சேர்க்கைக்கு ஜூலை 31இல் 3 வயது முடிந்திருந்தால் போதும். அதனால் 4 வயதைத் தொடப்போகும் ஆகஸ்ட் பிள்ளையும், நேற்றுத்தான் 3 முடிந்த ஜூலைப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். நமக்கு ஒரு வயது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அந்த ஜூலைப் பிள்ளைக்கோ அது இதுவரை வாழ்ந்த நாளில் மூன்றில் ஒரு பங்கு. இருவருக்கும் அதே டூ லைன் நோட்டு, அதே இரண்டு பக்கம் ஹோம்வொர்க். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்குக் குறை ஒன்றும் இல்லை. வயதுதான் இன்னும் வரவில்லை.

கோடு போடுவதற்கும் வளர்ச்சியில் ஒரு வரிசை உண்டு. 2 வயது வாக்கில் நின்ற கோட்டைப் பார்த்துப் போடுவார்கள். படுக்கைக் கோடு அதற்குச் சற்றுப் பின்னால். 3 வயதில் வட்டம். 4 வயதையொட்டிக் கூட்டல் குறி. சதுரம் அதற்கும் பிறகு. சாய்ந்த கோடுகள் கூடுகிற முக்கோணம் 5 வயது வாக்கில்தான் கைக்கு வரும். பள்ளியில் என்ன நடக்கிறது? ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன் முடிந்த மறுவாரமே கேப்பிட்டல் 'ஏ'. இரண்டு சாய்கோடுகள் உச்சியில் முட்ட வேண்டும், நடுவில் ஒரு குறுக்குக் கோடு. தமிழ் 'அ' இன்னும் கடினம்: சுழித்து, வளைந்து, திசை மாறி, நேராக இறங்க வேண்டும். 'ட'வுக்கு இரண்டே கோடு, 'ப'வுக்கு மூன்று. எழுத வைத்தே தீர வேண்டும் என்றால் அங்கிருந்து தொடங்குங்கள் என்று மிஸ்களிடம் சொல்வேன். அகரவரிசை வாய்க்கு இருக்கட்டும். கைக்கு வேறு வரிசை.

மிஸ்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நோட்டு நிரம்பவில்லை என்றால் பள்ளியையே மாற்றிவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். நிரம்பிய நோட்டைத்தான் ஃபீஸுக்கான கணக்காக நாம் பார்க்கிறோம்.

பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அங்கே இருக்க வேண்டிய 8 சிறு எலும்புகளில் ஒன்றுகூடத் தெரியாது. எல்லாம் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக எலும்பாகி, கடைசி எலும்பும் தெரிய 8 வயதுக்கு மேல் ஆகிவிடும். இதைக் காட்டி, 6 வயதுவரை பென்சிலையே தொடக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். கிறுக்குவதால் எலும்பு கெடாது. தாராளமாகக் கிறுக்கட்டும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பிடிக்கும் பிடி 4 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையில் நிலைக்கிறது. அதுவரை நீளமான பென்சிலைவிட உடைந்த கிரேயான் துண்டு நல்லது. துண்டு சின்னதாக இருப்பதால் முழுக் கையால் பிடிக்க இடமிருக்காது, விரல்கள் தாமாக முன்னால் வரும்.

விரலுக்குத் தோளும் முதுகும் ஆதாரம். அவை உறுதிப்படாத பிள்ளை மேஜைமேல் கவிழ்ந்து படுத்தபடி எழுதும், நாம் சோம்பேறி என்போம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி என்னிடம் வரும் பிள்ளைகள் சிலர் உண்டு. வீட்டுக்கும் சாலைக்கும் இடையே சரிவில் ஏறி இறங்கியே வளர்ந்தவர்கள். கிரேயானை அதிகம் தொட்டிருக்க மாட்டார்கள், ஆனால் தரையில் உட்கார்ந்தால் முதுகு நிமிர்ந்து நிற்கும். கொடுத்ததைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்கிறார்கள். நாளெல்லாம் அறைக்குள் போனோடு உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு நான் முதலில் தவழவும் தொங்கவும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. பென்சில் அதற்கப்புறம்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள், அம்மாப்பேட்டைத் தறிக்காரர்கள் எல்லாம், "எங்க கை இப்படி ஓடுது, இவன் கை ஏன் ஓடமாட்டேங்குது?" என்று கேட்பார்கள். புதிதாக வந்த ஆளிடம் முதல் நாளே நுணுக்க வேலையைக் கொடுப்பீர்களா என்று திருப்பிக் கேட்பேன். வேறு விளக்கம் தேவைப்படாது.

விஜயதசமியன்று பிள்ளையை மடியில் வைத்து அரிசியில் விரலால் எழுத வைக்கிறோமே, அதை ஒரே நாளோடு ஏன் நிறுத்த வேண்டும்? திண்ணைப் பள்ளிகளில் மணல்தான் முதல் நோட்டு. 1789இல் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித்தரும் முறையையும் சேர்த்து 1797இல் லண்டனில் அச்சிட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பரவியது. மணலில் எழுதும்போது எழுத்தின் வளைவு தோலுக்குத் தெரிகிறது, தோளிலிருந்து கை முழுவதும் அசைகிறது, தப்பினால் தடவிவிடலாம். தாம்பாளத்தில் கொஞ்சம் ரவையோ கோலமாவோ கொட்டி, நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

மற்றபடி வீட்டு வேலையே பயிற்சி. பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவை உருட்டுவது, கொத்தமல்லித் தழை ஆய்வது, துணிக்கு கிளிப் போடுவது, சட்டைப் பொத்தானைத் தானே மாட்டுவது. பள்ளிக்கு நேரமாச்சு என்று நாமே மாட்டிவிடுகிறோம். பத்து நிமிடம் முன்னால் எழுப்புங்கள். பட்டாணி, புளியங்கொட்டை போன்றவை கையில் இருக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். சின்னக் குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

எண்ணும் இதே கதைதான். நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம், "நாலு புளியங்கொட்டை குடு" என்றால் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுக்கும். ஒப்பித்தது பாட்டு, எண்ணிக்கை இன்னும் பிடிபடவில்லை. கொட்டைக்கு ஒரு எண், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது பலருக்கு 4 வயதையொட்டி நடக்கிறது. பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் போடும்போது விரலும் எண்ணும் சேர்ந்தே பழகும். ஆயா வீட்டுப் பரணில் பலகை இருந்தால் இறக்குங்கள்.

அம்மாப்பேட்டையில் சௌராஷ்டிரம் பேசும் வீடுகளிலும், தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளிலும், பள்ளியில் சொன்னார்கள் என்று ஆங்கிலத்துக்கு மாற முயல்வதைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பாட்டி பேசும் மொழியில் கதை கேட்டு வளர்ந்த சொல்வளம் படிப்புக்கு முதலீடு. குழந்தைகளால் இரண்டு மூன்று மொழிகளைச் சேர்த்தே கற்க முடியும்.

ஒன்றாம் வகுப்பில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவதைப் பார்த்துப் பதறுபவர்கள் பலர். 7 வயதுவரை அது சாதாரணம். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் இருக்கும் நிலைக்கு ஏற்பப் பிரித்துக் கற்பித்தார்கள். ஒரே வகுப்பில் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதை ஏற்றுக்கொண்டு தொடங்கியதற்காகவே எனக்கு அது பிடிக்கும். பீச்சாங்கைப் பழக்கத்தையும் மாற்ற வேண்டாம், அந்தக் கையிலேயே எழுதட்டும்.

காத்திருக்கக் கூடாத இடங்களும் உண்டு. ஒன்றரை வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதைத் தொங்கவிடுவது, 3 வயதில் பேச்சு பிறருக்குப் புரியாதது, கூப்பிட்டால் திரும்பாதது, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் போவது, 5 வயதாகியும் வட்டம் போட முடியாதது, புத்தகத்தைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த ஆண்டு சரியாகிவிடும் என்று இருக்காதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டலாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் நாளில், உங்கள் சந்தேகத்தை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புங்கள். முடிந்தால் நீங்களே அன்று பள்ளிக்குப் போய்விடுங்கள்.