கோப்பின் இரண்டாம் பக்கம்

எங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒரு அம்மாவைப் பற்றிப் போன கிழமை மறுபடியும் அதே குறிப்பு: "குளிக்க மறுக்கிறார், அடிக்க வருகிறார்." எழுதிய தங்கச்சி வேலைக்கு வந்து ஒரு மாதம்தான், அவரைக் குறை சொல்லவில்லை, ஆனால் இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. ரொறன்ரோ முதியோர் இல்லங்களில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் வேலை செய்கிறீர்கள் என்று தெரிந்ததால் தமிழிலேயே எழுதுகிறேன்.

அந்த அம்மாவுக்கு 96 வயது (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). பிறந்தது ஹங்கேரி. 1944 மே மாதம் தொடங்கி எட்டு வாரத்துக்குள் அங்கிருந்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றினார்கள், அநேகமாக எல்லோரையும் அவுஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலை முகாமுக்கு. இவருக்கு அப்போது 15. இதெல்லாம் கோப்பின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, யார் புரட்டுகிறோம்?

வேலைக்கென்று பிரித்தெடுத்தவர்களையும் அங்கே உடுப்பெல்லாம் கழற்றவைத்து, தலையை மழித்து, தண்ணீருக்குக் கீழே நிறுத்தினார்கள். ஒரு பக்கம் வேலைக்கு, மறுபக்கம் சாவுக்கு; தாயை எந்தப் பக்கம் அனுப்பினார்கள் என்று தெரியாமல் நின்ற நாள் அது. இப்போது ஓடு பதித்த அறை, தரையில் தண்ணீர் போகும் ஓட்டை, மேலே ஷவர், "கெதியாய்க் கழற்றுங்கோ அம்மா" என்று சீருடையில் ஒருத்தி. அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாராம். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்களாம்.

"அக்கா, அவவுக்கு டிமென்சியா, அதெல்லாம் மறந்திருக்குமே." இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அல்சைமர் மாதிரியான மறதி நோயில் முதலில் போவது காலையில் சாப்பிட்டது, போன மாதம் அறை மாறியது, அப்புறம் மெல்ல மெல்லக் கனடாவே போகும். 15 வயது அவ்வளவு சுலபமாகப் போகாது. வேலை, பிள்ளை, சமையல் என்று எழுபது வருடமாகக் கட்டிவைத்த தடுப்பு இடிந்துபோக, அதற்குப் பின்னால் இருந்தது அப்படியே நிற்கிறது. ஆங்கிலம் போய் ஹங்கேரிய மொழி திரும்பி வருகிறதே, அதோடு மற்றதும் வரும். கதவைப் பிடித்தவருக்கு அன்று நடந்துகொண்டிருந்தது 1944.

(மறந்திருப்பார்கள் என்பது பழைய பாட்டுத்தான். 1950, 60களில் முகாம்களில் இருந்து தப்பி மேற்கு ஜெர்மனியிடம் நட்டஈடு கேட்டவர்களுக்கு, உங்கள் மன நோவு முகாமால் வந்ததில்லை, பிறவி இயல்பு என்று எழுதிக்கொடுத்த மருத்துவர்கள் இருந்தார்கள். வில்லியம் நீடர்லாண்ட் போன்ற மனநல மருத்துவர்கள் இந்த நோவுக்கு ஒரு நோய்க்குறிப் பெயர் வைத்து வாதாட வேண்டியிருந்தது.)

மகளுக்கு 68 வயது. பார்த்தேயிராத அம்மம்மாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் வீட்டில் பசிக்கிறது என்று சொல்லக்கூடாது, பள்ளிவிட்டு ஐந்து நிமிடம் பிந்தினால் அம்மா ஜன்னலில் நிற்பார். "பயம் உங்கள் மரபணுவிலேயே வந்துவிட்டது" என்று தயவுசெய்து யாரும் அவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். யூடியூபில் எல்லோரும் தூக்கிப்பிடிக்கும் அந்த 2015 ஆய்வில், பெற்றோரின் பயம் பிள்ளைகளின் மரபணுவில் தடம் விடுகிறதா என்று பார்த்தது, நாஜிகளிடமிருந்து தப்பிய 32 பேரிலும் அவர்களுடைய 22 பிள்ளைகளிலும்தான். ஜன்னலில் நின்ற அம்மா போதாதா?

சரி, செய்ய வேண்டியது. பிறந்த இடத்தையும் வருடத்தையும் முதலில் பாருங்கள். ஷவர்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, கட்டிலில் வைத்துத் துடைத்துவிடலாம். ஒரே நேரத்தில் எல்லா உடுப்பையும் கழற்றாதீர்கள். வரிசையில் காக்கவைக்காதீர்கள். நோயாளிகளைப் பார்க்கக் கூட்டிவரும் நாயை அறைக்குள் விடுமுன் அவர்களுடைய பிள்ளைகளிடம் கேளுங்கள், முகாம் காவலர்களிடமும் நாய்கள் இருந்தன. தலையணைக்குக் கீழே பாண் துண்டு இருந்தால் அசுத்தம் என்று எறியாதீர்கள் பிள்ளைகளே, புதுத் துண்டை அவர் பார்க்க வைத்துவிட்டு அப்புறம் பழசை எடுங்கள்.

நேற்று நானே போனேன். துவாயைத் தோளில் போர்த்தி, கோப்பையில் வெந்நீர் வைத்து, முகத்திலிருந்து தொடங்கினேன். முதுகுக்கு வந்தபோது, தண்ணீர் ஆறிவிட்டது என்று என்னைத் திட்டினார்.