யார் உடைத்தது என்று கேட்பதற்கு முன்

நான்கைந்து வயதுக் குழந்தையை ஆலோசனைக்கு அழைத்து வரும் பெற்றோர் பலர், ‘இவனுக்குக் கொஞ்சம்கூடப் பொறுப்பே இல்லை’ என்பதை அவனை அருகில் வைத்துக்கொண்டே சொல்கிறார்கள். என்ன நடந்தது என்று விசாரித்தால், தண்ணீர் கொட்டியதும் பென்சில் தொலைந்ததும் டம்ளர் உடைந்ததுமே காரணங்களாக வருகின்றன. திட்டு விழும் நேரத்தில் மட்டுமே காதில் விழும் ‘பொறுப்பு’ என்ற சொல்லைக் குழந்தை தண்டனையாகத்தான் புரிந்துகொள்ளும். அதனால்தான் ‘நான் இல்லை’ என்று மறுக்கிறது.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, 1932-இல் வெளியான தம் ஆய்வில், குழந்தைகளிடம் இரண்டு சிறுவர்களின் கதையைச் சொன்னார். ஒருவன், கதவுக்குப் பின்னால் கோப்பைகள் இருப்பது தெரியாமல் கதவைத் திறந்து 15 கோப்பைகளை உடைத்துவிடுகிறான். இன்னொருவன், அம்மா இல்லாத நேரத்தில் அலமாரியில் இருந்த ஜாமைத் திருட்டுத்தனமாக எடுக்கப்போய் ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தவறு என்று கேட்டபோது, சிறு குழந்தைகளில் பலர் 15 கோப்பைகளை உடைத்தவனையே காட்டினார்கள். கதையை எளிமையாகச் சொன்னால் மூன்று வயதிலேயே குழந்தைகள் நோக்கத்தையும் கவனிக்கிறார்கள் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆனால், விலை குறைந்த டம்ளருக்கு மெல்லவும் விலை உயர்ந்த கைபேசிக்கு உரக்கவும் கத்தும் நாம், சேதத்தை வைத்தே தவறை அளக்கும் பழக்கத்தை அவர்களிடம் உறுதிப்படுத்துகிறோம்.

எனவே, தண்ணீர் கொட்டினால், ‘யார் கொட்டியது?’ என்று விசாரிக்காமல், ‘துணியை எடுத்து வா, துடைத்துவிடலாம்’ என்று சொல்லுங்கள். டம்ளரும் உடைந்திருந்தால், கண்ணாடித் துண்டுகளைப் பெரியவர்கள்தான் அள்ள வேண்டும். ஈரத்தைத் துடைப்பது குழந்தையின் வேலையாகவே இருக்கட்டும்.

அத்துடன், செய்யாமல் விட்டால் குழந்தையின் கண்ணுக்கே தெரியக்கூடிய ஒரு தினசரி வேலையையும் கொடுங்கள். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அதற்கு மிகவும் ஏற்றது. குழந்தை ஊற்றிய பிறகு, சரியில்லை என்று நீங்கள் மறுபடி ஊற்றாதீர்கள். சாக்லேட்டும் வேண்டாம், உதவியதற்குப் பரிசுப்பொருள் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு பெறாதவர்களைவிடப் பின்னர் குறைவாகவே உதவினர் என்று 2008-இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவிக்கிறது.

கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மட்டும் ஐந்து வயது அக்காவிடம் ஒப்படைக்கவே கூடாது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் எந்தச் செயலும் குற்றமாகாது என்று இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவே சொல்லும்போது, பாப்பா கட்டிலிலிருந்து விழுந்ததற்கு அவளைப் பதில் சொல்லச் சொல்வது அநியாயம். பெரியவர் உடனிருக்கையில் துண்டை எடுத்துக் கொடுப்பதும், விளையாட்டுக் காட்டுவதும் அந்த வயதுக்குப் போதும்.