ஆயிரம் பேருந்துக்கு ஒரே ஒரு பிராசசர்

மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் நிலையம் போகும் டவுன் பஸ்களைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும், ஏ.வி. பாலத்தில் ஊரும், சிம்மக்கல்லில் ஆள் ஏற்றும். சி மொழியில் பஸ்ஸுக்கு ஒரு ஃபங்ஷன் எழுதினால் படிக்கவும் சுகம்: ஓடு, காத்திரு, மறுபடி ஓடு.

சிக்கல் அந்தக் 'காத்திரு'வில்தான். சாதாரண ஃபங்ஷன் பாதியில் நின்று அடுத்த பஸ்ஸுக்கு வழிவிடாது. அப்படி நிற்க வேண்டுமானால் அதன் ஸ்டாக்கும் (ஃபங்ஷன் தன் மாறிகளை வைத்துக்கொள்ளும் நினைவகம்) ரிஜிஸ்டர்களும் (பிராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) கலையாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் கான்டெக்ஸ்ட் என்கிறோம்.

அதை உருவாக்கப் பல வழிகள் உண்டு. பஸ்ஸுக்கு ஒரு பிதிரெட் (தனியாக ஓடும் ஒரு திரெட், அதாவது இழை) கொடுத்து, செமஃபோர் என்ற தடுப்பு வைத்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓடவிடலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் வர வேண்டும். பஸ்கள் ஆயிரக்கணக்கானால் இழுக்கும். அடுத்தது, ஒரு கான்டெக்ஸ்ட்டைச் சேமித்துவிட்டு இன்னொன்றுக்கு மாறும் ஸ்வாப்கான்டெக்ஸ்ட் என்ற ஃபங்ஷன். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2008 பதிப்பு இதை நீக்கிவிட்டாலும் லினக்ஸில் இன்னும் வேலை செய்கிறது. ஆனால் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் இதுவும் சிக்னல் மாஸ்க்கைச் (இயங்குதளம் அனுப்பும் எந்தச் சிக்னல்களைத் தடுக்க வேண்டும் என்ற பட்டியல்) சேமிக்க ஒவ்வொரு முறையும் சிஸ்டம் கால் போடும், அதாவது கெர்னலைக் கூப்பிடும். நம் பஸ்ஸுக்கு அந்த மாஸ்க் எதற்கு? அதை விட்டுவிட்டு பிராசசரின் சொந்தக் கட்டளைகளான அசெம்பிளியில் எழுதினால், எக்ஸ்86-64 (இன்டெல், ஏஎம்டி வகை பிராசசர்) லினக்ஸில் ஆறு ரிஜிஸ்டர்களை ஸ்டாக்கில் தள்ளி, ஸ்டாக் பாயின்டரை மாற்றி, திரும்ப எடுத்தால் முடிந்தது. சில வரிகள்தான்.

அப்படியானால் அசெம்பிளியை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா? போதாது. வேறு பிராசசருக்குப் போனால் அதை மறுபடி எழுத வேண்டும். அதனால் உருவாக்கு, நிறுத்து, தொடர், அழி என்ற நான்கு ஃபங்ஷன் பாயின்டர்களை (ஃபங்ஷன் இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரிகள்) ஒரு ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் சி அமைப்பு) வைத்து, சிமுலேட்டரின் மற்ற பகுதிகள் அதன் வழியாக மட்டுமே பேசும்படி செய்கிறார்கள். 'நிறுத்து' பஸ் கூப்பிடுவது, 'தொடர்' சிமுலேட்டரின் கடிகாரம் கூப்பிடுவது. உள்ளே இருப்பது திரெட்டா அசெம்பிளியா என்று இரண்டுக்கும் தெரியக் கூடாது. சிம்கிரிட் என்ற சிமுலேட்டரில் இதை இயக்கும்போதே ஓர் ஆப்ஷன் கொடுத்துத் தேர்ந்தெடுக்கலாம்.

என் கணக்கில், மெதுவான திரெட்டைத்தான் தூக்கி எறியக் கூடாது. பிழை தேடும் கருவியான ஜிடிபிக்குத் திரெட்டைத் தெரியும். எந்த பஸ் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டிவிடும். அப்புறம் ஸ்டாக் நிரம்பி வழியும் சங்கதி. திரெட்டின் ஸ்டாக் விளிம்பில் காவலுக்குத் தொடக் கூடாத ஒரு நினைவகப் பக்கம் தானாகவே இருக்கும். அதைத் தொட்டதும் புரோகிராம் விழும். நாமே மால்லாக் (நினைவகம் கேட்டு வாங்கும் சி ஃபங்ஷன்) போட்ட ஸ்டாக்கில் அது கிடையாது. ஒரு பஸ் வழிந்தால் பக்கத்து பஸ்ஸின் நினைவகம் சத்தமில்லாமல் கெடும், தப்பான விடையோடு சிமுலேஷனும் நல்லபடியாகவே முடியும். நினைவகப் பக்கத்தைத் தொட முடியாதபடி பூட்டும் எம்புரொடெக்ட் கொண்டு அந்தக் காவலை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.