ஓட்டைப் பானையும் பி53 புரதமும்

"புற்றுநோயைத் தடுக்கும் மரபணு நம் உடம்பிலேயே இருக்கிறது என்கிறீர்கள். பிறகு ஏன் புற்றுநோய் வருகிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அந்த மரபணு உண்டாக்கும் புரதத்துக்குப் பி53 என்று பெயர். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் அந்த மரபணு பழுதாகியிருக்கிறது.

டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ, ஆர்என்ஏவிலிருந்து புரதம் என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். எல்லா மரபணுக்களும் எந்நேரமும் இயங்குவதில்லை. முடுக்கிவிடவும் நிறுத்தவும் தனிப் புரதங்கள் உண்டு. பி53 அப்படியொரு முடுக்கி. டிஎன்ஏ அறுந்துபோனால், செல் பிரிவதை நிறுத்திவைக்கும் மரபணுக்களை அது தட்டி எழுப்பும். பழுது மீறிப்போனால் செல்லையே சாகவைக்கும் மரபணுக்களையும் எழுப்பும்.

இவ்வளவு பொல்லாத புரதத்தைச் சாதாரண நாளில் எப்படி அடக்கிவைப்பது? இங்கேதான் எனக்கு அலுக்காத வேடிக்கை இருக்கிறது. நலமான செல்லும் பி53-ஐ ஓயாமல் தயாரிக்கிறது. தயாரித்த கையோடு அழித்தும் விடுகிறது. இருப்பதில் பாதி சுமார் 20 நிமிடத்தில் காலி. அழிப்பது எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம். பி53-இன் ஒரு முனையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று அமினோ அமிலங்கள் எம்டிஎம்2-இல் உள்ள பள்ளத்துக்குள் கச்சிதமாக இறங்கும். இறங்கியதும் யுபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தை எம்டிஎம்2 அதன்மேல் சரம்சரமாக ஒட்டிவிடும். அந்தச் சரத்தோடு வரும் எதையும் புரோட்டியசோம் எனும் பீப்பாய் வடிவ இயந்திரம் உள்ளே இழுத்து நறுக்கித் தள்ளும்.

சரி, எம்டிஎம்2-இன் மரபணுவை முடுக்கிவிடுவது யார்? அதே பி53தான்! தன்னை ஒழிக்கும் ஆளைத் தானே வேலைக்கு வைத்திருக்கிறது. பி53 கூடினால் எம்டிஎம்2 கூடும். அது கூடினால் பி53 குறையும்.

ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் வீண்வேலை என்று தோன்றலாம். ஆனால், ஆபத்து வந்தபிறகு மரபணுவை நகலெடுத்து, புரதத்தைக் கோத்து முடிக்க நேரம் பிடிக்கும். தண்ணீர் ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தால் ஓட்டையை அடைத்தாலே போதும், பானை மளமளவென்று நிரம்பிவிடும். டிஎன்ஏ அறுந்ததும் விழித்துக்கொள்ளும் ஏடிஎம் என்ற நொதி (பணம் தரும் இயந்திரமல்ல) செய்வது அதைத்தான். பி53 மீதும் எம்டிஎம்2 மீதும் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பிடி தளர்கிறது.

லட்சக்கணக்கான செல்களை ஒன்றாக அரைத்து அளந்தபோது, பி53 எழுந்து மெல்ல அடங்குவதாகத் தெரிந்தது. 2004-இல் இந்த இரண்டு புரதங்களையும் ஒளிரவைத்து, உயிருள்ள செல்களை ஒவ்வொன்றாகப் படம்பிடித்தார்கள். தனித்தனிச் செல்களில் பி53 அலையலையாக எழுந்து விழுந்துகொண்டிருந்தது. டிஎன்ஏவை அறுக்கும் கதிர்வீச்சைக் கூட்டியபோது அலையின் உயரம் கூடவில்லை. அலைகளின் எண்ணிக்கைதான் கூடியது. செல் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கிறதோ என்று நினைக்கவைக்கும் காட்சி.

இனி வாசகர் கேள்விக்கு வருவோம். பி53 நான்கு நான்காகக் கைகோத்துத்தான் டிஎன்ஏவைப் பற்றும். மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று கெட்டால் நல்லதும் கெட்டதும் கலந்து சேரும். சரிபாதி கலந்தால், நான்கும் நல்லதாக அமைவது 16-இல் ஒன்றுதான். சில கட்டிகளில் பி53 மரபணு பழுதில்லாமல் இருக்கும், எம்டிஎம்2 மரபணுவோ பல பிரதிகளாகப் பெருகியிருக்கும். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் எம்டிஎம்2-ஐக் கேட்காமலே, தன் இ6 புரதத்தைக் கொண்டு பி53-ஐ அரவைக்கு அனுப்பிவிடுகிறது.

1979-இல் பி53 கண்ணில் பட்டதே குரங்கு வைரஸ் ஒன்றை ஆராய்ந்தவர்களால்தான். கையிலிருந்த பிரதிகள் பழுதானவை என்று தெரியாமல், பத்து ஆண்டுகள் அதைப் புற்றுநோயை உண்டாக்கும் மரபணு என்றே நம்பினார்கள். மூன்றே ஆண்டில் என்ன பயன் கிடைக்கும் என்று விண்ணப்பத்தில் எழுதச் சொல்லும் நிதிக்குழுக்கள் இந்தப் பத்தாண்டுத் தவறுக்குப் பணம் கொடுத்திருக்குமா?

எம்டிஎம்2-இன் பள்ளத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும் மருந்துகளை இப்போது நோயாளிகளிடம் சோதிக்கிறார்கள். எம்டிஎம்2 இல்லாத எலிகள் கருவிலேயே இறந்துவிடும். பி53-ஐயும் சேர்த்து நீக்கினால் உயிரோடு பிறக்கும். அந்த அளவுக்குப் பி53 ஆபத்தானது. மருந்து கொடுத்தால் நலமான செல்களிலும் பானை நிரம்புகிறது; முதலில் அடிபடுபவற்றில் ரத்தத் தட்டணுக்களும் உண்டு.