நேர்வ் புளொக்: அடைப்பா, விறைப்பா?

சல்லிக் கரையில் நாற்பது வருடம் கரைவலை இழுத்தவர் என் பெரியப்பா. தோள்மூட்டில் தசைநார் கிழிந்து, திருகோணமலையில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். "கழுத்தடியில் ஒரு நேர்வ் புளொக் போட்டால் பிறகு நோவு தெரியாது" என்றார் டொக்டர். பக்கத்தில் நின்ற ஒருவர் அதை 'நரம்பு அடைப்பு' என்று தமிழாக்கினார். பெரியப்பாவுக்கு அன்றிரவு நித்திரையே இல்லை. "அடைச்ச நரம்பு பிறகு திறக்குமோ?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கேள்வி நியாயமானது. அடைப்பு என்றால் எங்களுக்கு நெஞ்சில் வருவது, உடனே எடுக்க வேண்டியது.

புளொக் என்பது டச்சிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதற்பொருள் மரக்கட்டை. மறித்தல் என்ற பொருள் பிறகு சேர்ந்தது. இங்கே மறிக்கப்படுவது நரம்பு அல்ல, அதில் ஓடும் செய்தி. ஊசியால் நரம்பருகே போடும் மருந்து, அந்தச் செய்தி ஓட உதவும் நரம்பிழையின் சோடியம் வாயில்களை மூடுகிறது, நோவு மூளைக்கு எட்டுவதில்லை. மருந்து கரைந்து போனதும் வாயில்கள் தாமாகத் திறக்கும்.

தோளுக்குப் பெரும்பாலும் போடுவது 'இன்டர்ஸ்கேலீன்' புளொக். 1970இல் அமெரிக்க மயக்கமருந்து நிபுணர் அலோன் வின்னி அதற்கு ஒழுங்கான முறை வகுத்தார். ஸ்கேலீன் என்றால் கிரேக்கத்தில் சமனற்றது. பள்ளியில் படித்த சமனில்பக்க முக்கோணிக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். கழுத்தில் அப்படிப் பெயர் பெற்ற இரண்டு தசைகளுக்கு நடுவே, கைக்குப் போகும் நரம்புகள் பிரிந்தும் சேர்ந்தும் கிடக்கின்றன. அதைப் 'புய நரம்புப் பின்னல்' என்பது அருமையான தமிழாக்கம். 'பிளெக்சஸ்' என்ற லத்தீன் மூலத்துக்கும் பின்னல் என்றே பொருள். இப்போது ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியைக் கொண்டுபோகிறார்கள். பக்கத்தில் மூச்சுக்கு உதவும் உதரவிதான நரம்பும் ஓடுவதால் அந்தப் பக்கத்து மூச்சு சில மணிநேரம் குறையலாம். நுரையீரல் நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நரம்புத் தடுப்பு' பிழையில்லை, ஆனால் தடுப்பூசியை நினைவூட்டுகிறது. தமிழ்நாட்டில் மரத்துப்போதல் என்பார்கள். எங்களுக்குக் கை விறைக்கும். பல் பிடுங்கும்போது போடுவதும் விறைப்பூசி. ஆகவே 'நரம்பு விறைப்பூசி' என்பேன். அடைப்பை யாரோ எடுக்க வேண்டும், விறைப்பு தானாக விடும். பெரியப்பாவுக்கு அப்படிச் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது.

ஒன்று மட்டும்: விறைப்பு விடும்போது நோவு ஒரேயடியாக வரும், பெரும்பாலும் நடுச்சாமத்தில். டொக்டர் தந்த குளிசையை அதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.